பிரஷர் ஏன் வேளைக்கு வேளை மாறுகிறது? ஒரே ஓர் அளவை வைத்து முடிவெடுக்கலாமா?

இன்று நம் வீடுகள் பலவற்றில் குர்ஆன் ரேஹலுக்குப் பக்கத்திலேயே பிரஷர் பார்க்கும் கருவியும் இருக்கிறது. காலையில் உம்மா அளந்து பார்க்கிறார். 158 என்று காட்டுகிறது. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறார்கள். மகன் பதறிப்போய் "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்கிறார். மாலையில் மறுபடி பார்த்தால் 128. "மிஷின் சரியில்லை" என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். "பிரஷர் நார்மலாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று இன்னொருவர் கேட்கிறார்.

இந்த இரண்டு பேச்சுகளில் இரண்டாவதுதான் ஆபத்தானது. மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் பக்கவாதத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி நாம் எல்லோருமே கேள்விப்பட்டிருக்கிறோம். காலையில் 158, மாலையில் 128 என்பது கருவியின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. நோய் குணமாகிவிட்டது என்றும் அதற்குப் பொருள் இல்லை. இரத்த அழுத்தம் என்பதே மாறிக்கொண்டிருக்கும் ஒன்று. அது ஏன் மாறுகிறது, எந்த மாற்றம் இயல்பானது, எது கவலைக்குரியது என்பதை நாம் தெரிந்துகொண்டால் வீண் பதற்றமும் குறையும், வீண் அலட்சியமும் குறையும்.

இரண்டு எண்கள் சொல்வது என்ன?

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது இரத்தக் குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். மருத்துவர்கள் இதைச் சிஸ்டாலிக் என்பார்கள். இதயம் விரிந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண், அது டயஸ்டாலிக். 120/80 என்பதில் 120 முதலாவது, 80 இரண்டாவது.

இந்த எண்கள் பாதரச உயரத்தின் மில்லிமீட்டர் கணக்கு. கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கொண்டுவந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கும் முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ் சொன்னார். நம் வீட்டில் உள்ள மின்னணுக் கருவி சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டையில் உண்டாகும் அதிர்வை வைத்துக் கணக்கிடுகிறது. அளக்கும்போது கையை அசைத்தால் அது தடுமாறுவது இதனால்தான்.

நம் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் சற்றே வேறுபடும். மூச்சை இழுக்கும்போது ஓர் அளவு, விடும்போது ஓர் அளவு. நாம் அளப்பது இந்த இலட்சத்தில் சில துடிப்புகளை மட்டுமே. அடுத்தடுத்து இரண்டு முறை அளந்து 5 அல்லது 10 வித்தியாசம் வந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாளின் ஏற்ற இறக்கம்

ஆழ்ந்து உறங்கும்போது அழுத்தம் பகலில் உள்ளதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை குறையும். விடியும் நேரத்தில், நாம் கண் விழிப்பதற்கு முன்பே, உடல் அதை உயர்த்தத் தொடங்கிவிடும். எழுந்து நடமாடத் தொடங்கியதும் இன்னும் உயரும். மாரடைப்பும் பக்கவாதமும் காலை வேளையில் அதிகம் நேர்வதற்கு இந்த உயர்வும் ஒரு காரணம். அதனால்தான் மருத்துவர்கள் காலை அளவைக் கேட்கிறார்கள்.

சிலருக்கு இரவில் குறைய வேண்டிய அளவுக்குக் குறைவதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள், நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகள், உரக்கக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திணறி விழிப்பவர்கள் ஆகியோரிடம் இதை அதிகம் காணலாம். வீட்டில் யாருக்காவது அப்படிப்பட்ட குறட்டை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் 24 மணி நேரமும் கையில் கட்டியிருந்து அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார்.

பகலில் நாம் செய்யும் ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றும். மாடிப்படி ஏறினால் கூடும். கோபப்பட்டால் கூடும். உடலில் வலி இருந்தால் கூடும். காபியோ டீயோ குடித்தால், சிகரெட் பிடித்தால் சிறிது நேரம் கூடியிருக்கும். நடைப்பயிற்சி முடித்துச் சற்று ஓய்ந்த பிறகு வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். வெந்நீரில் குளித்த பிறகும் குறையலாம். குளிர்காலத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அளவு சற்றே ஏறும். கடும் வெயிலில் குழாய்கள் விரிந்து, வியர்வையில் நீரும் உப்பும் போவதால் இறங்கும். வளைகுடாவின் கோடையில் வெளிவேலை பார்ப்பவருக்கு அங்கே இருக்கும் அளவும், விடுமுறையில் ஊருக்கு வந்து நல்ல விருந்து சாப்பிடும்போது இருக்கும் அளவும் ஒன்றாக இருக்காது.

அளக்கும் விதத்தால் வரும் மாற்றம்

வீட்டில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் ஒரு பெரும் பங்கு நாம் அளக்கும் முறையால் வருவது. கீழே உள்ளவை சிறியவையாகத் தோன்றலாம். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்தால் 130 உள்ளவருக்கு 150 காட்டிவிடும்.

• பேசுவது: அளக்கும்போது பேசினால் மேல் எண் 10 வரை கூடலாம். பக்கத்தில் இருப்பவரின் பேச்சுக்குப் பதில் சொல்வதும், தொலைபேசியில் "ஆமா, ஆமா" என்பதும் பேச்சுத்தான்.

• சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது: இதனாலும் 10 அளவுக்குக் கூடலாம். முதலில் கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள்.

• கையின் உயரம்: கைப்பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 7 அல்லது 8 கூடுதலாகக் காட்டும். மேலே இருந்தால் அதே அளவு குறைத்துக் காட்டும். கையைத் தொங்க விடாமல் மேசை மீதோ தலையணை மீதோ வைத்துக்கொள்ளுங்கள்.

• முதுகும் காலும்: முதுகைச் சாய்க்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்வது, கால் மேல் கால் போடுவது இரண்டுமே அளவைக் கூட்டும். சாய்வுள்ள நாற்காலியில் அமர்ந்து இரு பாதங்களையும் தரையில் பதியுங்கள்.

• உடை: தடித்த துணியின் மேல் பட்டையைக் கட்டக் கூடாது. உளூச் செய்யும்போது போல முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கையை இறுக்கும். அப்போதும் அளவு தவறும். சட்டையிலிருந்து கையை வெளியே எடுத்துவிடுவதே சரி. பெண்கள் அபாயாவின் மேல் பட்டை கட்டி அளப்பதைவிட வீட்டில் தனியறையில் அளப்பது நல்லது. மருத்துவமனையில் பெண் ஊழியரைக் கேட்டுப் பெறலாம்.

• பட்டையின் அளவு: பருமனான கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். கருவி வாங்கும்போது புயத்தின் சுற்றளவை அளந்து சொல்லி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிடப் புயத்தில் கட்டும் கருவியே நம்பகமானது.

இரு கைகளிலும் ஒரே அளவு வராமல் இருப்பது சாதாரணம். முதல் முறை இரண்டிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் 10க்கு மேல் வித்தியாசம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மின்னணுக் கருவி தவறாகக் காட்டக்கூடும். அவர்களுக்கு மருத்துவர் கையால் அளப்பதே சரியாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் அதிகம், வீட்டில் குறைவு

மருத்துவரைப் பார்த்ததும் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடுகிறது. இதற்கு 'வெள்ளை அங்கி' விளைவு என்று பெயர். இதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் சரியாக இருந்து வீட்டிலும் வேலையிலும் உயர்ந்து இருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை.

வீட்டில் அளப்பதற்கும் மருத்துவமனையில் அளப்பதற்கும் வரம்பு வேறாக இருப்பது இதனால்தான். மருத்துவமனையில் வெவ்வேறு நாள்களில் பார்த்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. வீட்டு அளவுகளின் சராசரிக்கு இந்த வரம்பு 135/85. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2017இல் இதை இன்னும் கீழே, 130/80க்குக் கொண்டுவந்தன. உங்கள் வயதுக்கும் பிற நோய்களுக்கும் எது இலக்கு என்பதை மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாள் குறிப்பு

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள்கள், காலையும் மாலையும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து எழுதுங்கள். முதல் நாள் அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல், மீதி ஆறு நாள்களின் சராசரியைப் பாருங்கள். மருத்துவ உலகம் வீட்டில் அளப்பதற்குப் பரிந்துரைக்கும் முறை இது.

நமக்கு இதற்கு நேரம் குறிப்பது எளிது. காலையில் ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு, டீ குடிப்பதற்கும் மாத்திரை போடுவதற்கும் முன்பு. இரவில் இஷாவுக்குப் பிறகு, உறங்கப் போகும் முன்பு. சாப்பிட்டவுடன் வேண்டாம், சற்று நேரம் போகட்டும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் மனதுக்குள் திக்ரு செய்யலாம். பட்டை இறுகும்போது மட்டும் வாய்விட்டு ஓத வேண்டாம்.

ஓர் உதாரணம். ஒருவரின் மேல் எண்கள் 142, 136, 130, 138, 128, 132 என்று வைத்துக்கொள்வோம். 142ஐ மட்டும் பார்த்தால் பயம் வரும். 128ஐ மட்டும் பார்த்தால் அலட்சியம் வரும். ஆறையும் கூட்டினால் 806, சராசரி 134. இவர் வரம்பின் ஓரத்தில் நிற்கிறார் என்பதே உண்மை நிலை. மருத்துவர் முடிவெடுக்க உதவும் எண்ணும் இதுதான். நல்லதாக வந்ததை மட்டும் எழுதிவிட்டு அதிகமாக வந்ததை விட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஏமாறுவது நாம்தான்.

ஏழு நாள் முடிந்த பின் தினமும் பத்து முறை பார்க்கத் தேவையில்லை. அடிக்கடி பார்ப்பதே கவலையை உண்டாக்கி, அந்தக் கவலையே அளவை ஏற்றிவிடும்.

"நார்மலாக இருக்கிறதே, மாத்திரை எதற்கு?"

அளவு சரியாக இருப்பதற்குக் காரணமே பெரும்பாலும் அந்த மாத்திரைதான். நிறுத்திப் பார்த்த சிலர், "இரண்டு நாள் போடவில்லை, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். பலருக்கும் எழுதித் தரப்படும் ஆம்லோடிபின் போன்ற மருந்து உடலில் பல நாள்கள் தங்கியிருந்து மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதனால் நிறுத்திய மறுநாளே அழுத்தம் ஏறாது. நாள்கள் செல்லச் செல்ல ஏறும். அதற்குள் நாம் அளப்பதையும் நிறுத்தியிருப்போம். அட்டெனோலால் போன்ற வேறு சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்து நேரலாம். உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "தலைவலி இல்லை, அதனால் பிரஷர் இல்லை" என்ற கணக்கு தவறு.

உண்மையிலேயே அளவு தொடர்ந்து குறைந்து வந்தால், எடை குறைந்திருந்தால், மாத்திரையைக் குறைக்க முடியும். ஆனால் அதை ஏழு நாள் குறிப்போடு மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மாத்திரை வாங்கச் செலவாகிறது, அலைச்சலாகிறது என்று நிறுத்துபவர்களும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை தருகிறார்கள். வெளியே போக முடியாத முதியவர்கள் உள்ள குடும்பங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அளவு திடீரென ஏறினால்

முதலில் இந்த வாரம் என்ன மாறியது என்று பாருங்கள். மாத்திரை தவறியதா? தூக்கம் கெட்டதா? வலீமா விருந்து, ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று உப்பு கூடியதா? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பும் உப்புதான், அதில் சலுகை இல்லை. பொட்டாசியம் கலந்த உப்பைச் சிறுநீரக நோய் உள்ளவர்களும் டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, வேறு மருந்து ஏதாவது சேர்ந்ததா என்று பாருங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை அழுத்தத்தை ஏற்றும். மூக்கடைப்புக்கான சில ஜலதோஷ மாத்திரைகளும் ஏற்றும். இருமலுக்கு நாம் வைத்தியமாகச் சாப்பிடும் அதிமதுரமும் தொடர்ந்து எடுத்தால் ஏற்றும்.

180/120 அல்லது அதற்கு மேல் காட்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே அளவு இருந்து, வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அன்றே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல், கடும் தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டாரின் மாத்திரையைக் கொடுப்பது, பழைய வழக்கப்படி நாக்கின் கீழ் மருந்து வைத்து அழுத்தத்தைத் தடாலெனக் குறைக்கப் பார்ப்பது இரண்டும் மூளைக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து ஆபத்தைக் கூட்டிவிடும்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. 140/90 வந்தாலே அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அளவு இறங்கும்போது

முதியவர்கள் சிலருக்கு உட்கார்ந்த நிலையில் 140 இருக்கும். எழுந்து நின்றதும் 115க்கு இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸஜ்தாவிலிருந்து எழும்போது தள்ளாடுகிறது என்று வாப்பா சொன்னால் "வயசு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அவரை உட்கார வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை அளந்து பாருங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மறுபடி எழுந்து நடப்பதே இல்லை. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அதை ஏற்பதில் வெட்கமில்லை.

சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முதியவர்களுக்கு அழுத்தம் இறங்குவதும் உண்டு. நோன்பு காலத்தில் இதைக் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் நீரின்றி இருந்து, இஃப்தாரில் வயிறு நிறையச் சாப்பிட்டு, கூடவே மாத்திரையும் போட்டு, தராவீஹில் நீண்ட நேரம் நின்றால் தலைசுற்றல் வரலாம். கஞ்சியும் பேரீச்சம்பழமும் அளவாக எடுத்து, மீதியைப் பிறகு சாப்பிடலாம்.

ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் நேரத்தை மாற்றுவதும் கூடாது. ஷஅபான் மாதத்திலேயே ஏழு நாள் குறிப்பை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வேளை மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாரிலோ எடுக்கும்படி அவர் மாற்றித் தருவார். பகலில் சிறுநீரைப் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும். கைப்பட்டை கட்டி அளப்பதால் உடலுக்குள் எதுவும் செல்வதில்லை. அதனால் நோன்பு முறியாது. நோன்பு நோற்றால் பாதிப்பு வரும் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிகளுக்கு அல்லாஹ் தந்துள்ள சலுகை சூரத்துல் பகராவின் 184, 185ஆவது வசனங்களில் இருக்கிறது. அதை ஏற்பதும் இபாதத்துதான். ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

மொத்தத்தில் நாம் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: ஒரு நேரத்து எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முறையாக அளந்து, மறைக்காமல் எழுதி, சராசரியை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்படி நடப்போம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் ஒரு நாள் படத்தைக் கேட்காமல் அந்த ஏழு நாள் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, "மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா உம்மா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் பெற்றோருக்கும் நம் அனைவருக்கும் அவன் நீடித்த ஆயுளையும் பூரண ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.